பாபுகாட் சேரும்வரை ஒரு வலைப்பதிவு

2024 பிப்ரவரி 5, திங்கட்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பி வழியும் சத்தம் வரும்வரை பால்கனியில் நின்றேன். மூடுபனி. எதிர்வீட்டுக் கொடியில் கிடந்த சேலையின் சிவப்புக் கரை மட்டும் தெரிந்தது. சவரம், குளியல். நாட்குறிப்பில் முந்தைய நாளுக்கு விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதினேன். மனைவி எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டினாள். கேஸ் குமிழை மூடியிருக்கிறாளா என்று பார்த்தேன், மூடியிருந்தாள். எட்டு மணிக்கு டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா பிடித்து ஹவுரா படித்துறைக்குப் போனேன்.

எல்லாத் திங்கட்கிழமையும் இப்படித்தான். அன்று கூடுதலாக ஒன்று இருந்தது. ஞாயிறு மாலை நான் ஒரு வலைப்பதிவை ஏற்றியிருந்தேன். அது ஹூக்ளி ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகில், லாஞ்சில், வாசிக்கப்படும். சிரிப்பு இல்லாமல் அக்கரை போய்ச் சேருமா சேராதா என்பது பாபுகாட்டில் இறங்கும்போது தெரிந்துவிடும். சேராவிட்டால் வலைப்பூவை மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். குளிர்காலம் முடிவதற்குள் ஒரு பதிவாவது தேற வேண்டும் என்று எனக்கு நானே வைத்திருந்த கெடு அது. குளிர் முடிந்துகொண்டிருந்தது.

நாங்கள் நான்கு பேர். எட்டரை லாஞ்சின் பின்பக்கக் கம்பியருகே சேர்ந்து நிற்பதுதான் எங்களுக்குள் இருக்கும் உறவு. வீட்டுக்கு வெளியே நாங்கள் தமிழ் பேசும் இடமும் அதுதான். நான் திருநெல்வேலி; மத்திய அரசு அலுவலகம்; மாற்றலில் வந்து நான்கு வருடம். தணிக்கைத் துறையில் இருக்கும் அம்மாள் கும்பகோணம்; அவரை நாங்கள் ஆடிட் மேடம் என்போம். ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வை எண்ணிக்கொண்டிருப்பவர் கோயம்புத்தூர், பேச்சு குறைவு. நான்காமவர் மதுரைக்காரர். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் ஸ்டோர்ஸ் அதிகாரி. என்னைவிட ஆறு வயது இளையவர். வேலை கிடைத்ததே இங்கேதான். மகள் பிறந்ததும் படிப்பதும் இங்கே.

மதுரைக்காரருக்கு ஒரு குரல் உண்டு. பழைய வானொலியில் செய்தி வாசிப்பவர் பேசுவது போல, அடிவயிற்றிலிருந்து, ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைப்பது போல வரும். அந்தக் குரலில் அவர் எதையும் வாசிப்பார். கல்யாணப் பத்திரிகை, அலுவலகச் சுற்றறிக்கை, வாட்ஸப்பில் வந்த மூட்டுவலி வைத்தியம், எல்லாமே அந்தக் குரலில் வேடிக்கையாகிவிடும். லாஞ்சு கயிறு அவிழ்த்ததும் ஆரம்பிப்பார். பாபுகாட்டில் கயிறு மாட்டுவதற்குள் முடிப்பார். முன்கூட்டிப் படித்துவைக்க மாட்டார். எதுவானாலும் முதல்முறை பார்ப்பது அந்தக் கம்பியருகேதான். "முன்னாடியே பாத்துட்டா ருசி போயிரும்ணே," என்பார். தமிழ் தெரியாத வங்காளிகள்கூட அந்தக் குரலுக்காக எங்கள் பக்கம் வந்து நிற்பார்கள். செய்தித்தாளை மடித்துக்கொண்டு, புரியாமலே புன்னகை செய்வார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் தினசரி வாடிக்கை.

நான் வலைப்பூ தொடங்கியது போன வருடம் ஜூலையில். இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். நாட்குறிப்பை யாரும் படிப்பதில்லை. படிக்கக் கூடாது என்பதுதான் அதன் விதி. ஐம்பத்திரண்டு வயதில் யாராவது படிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. வேறு காரணம் இல்லை. முதல் பதிவு ஹூக்ளி ஆற்றைப் பற்றி. ஒரு வாரம் திருத்தி எழுதினேன். எங்கள் நான்கு பேர் வாட்ஸப் குழுவில் இணைப்பைப் போட்டு, தங்கள் மேலான கருத்துகளை எதிர்பார்க்கிறேன் என்று அடியில் சேர்த்தேன்.

மறுநாள் காலை கயிறு அவிழ்ந்தது. மதுரைக்காரர் தொண்டையைச் சரிசெய்தார். "கங்கைத் தாயின் மடியில் அலைகள் தாலாட்ட, ஆயிரமாயிரம் உழைப்பாளிகளைச் சுமந்து அன்றாடம் மிதந்து செல்கின்றன படகுகள்!" அந்த வரியை எழுதியபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவர் வாசித்தபோது ஆடிட் மேடம் சாப்பாட்டுப் பையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"அண்ணே, போன வாரம் செத்த நாய் ஒண்ணு மிதந்து போச்சே. அதையும் தாய் தாலாட்டுனாளா, இல்ல அதுக்குத் தனிப் பதிவா?"

அதற்குப் பிறகு ஆடிட் மேடத்தின் பை பயன்படவில்லை. கோயம்புத்தூர்க்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நிற்க அங்கே இடம் இல்லை. நடு ஆற்றில் எங்கே இறங்கிப் போவது?

இரண்டாவது பதிவில், ஓய்வுபெற்ற சக ஊழியர் ஒருவரை வழியனுப்பியதை எழுதியிருந்தேன். மனம் கனத்தது என்ற இடத்தில் அவர் வாசிப்பதை நிறுத்தினார். "லாஞ்சு ஒரு பக்கமா சாயுதுண்ணே. கொஞ்சம் நடுவுல வந்து நில்லுங்க." மூன்றாவதில், என்பதில் ஐயமில்லை என்று முடித்திருந்த வரிக்கு, "யாரும் ஐயப்படலையேண்ணே, நீங்களா ஏன் பயப்படுறீங்க?" என்று கேட்டார். ஆச்சரியக்குறி வந்த இடங்களில் எல்லாம் கைதட்டினார். வாடிக்கை வங்காளிகளும் சேர்ந்து தட்டினார்கள்.

நிறுத்திவிட்டிருக்கலாம். குழுவில் இணைப்பைப் போடாமல் எழுதியிருக்கலாம். அப்போது படிப்பவர் எண்ணிக்கை பூஜ்யம் என்று அந்தப் பக்கமே காட்டும். சிரிக்கிற மூன்று பேர் பூஜ்யத்தைவிட மேல் என்று எனக்குப் பட்டது.

வலைப்பதிவு எழுதக் கற்றுத்தரும் கட்டுரைகளை இணையத்தில் தேடிப் படித்தேன். புதிதாக எழுதுகிறவனுக்குத் தன்னம்பிக்கை வர, ஒரே ஒரு வாசகரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதச் சொன்னது ஒன்று. அன்பும் பொறுமையும் உள்ள வாசகராக இருக்கட்டும் என்றும் சொன்னது. எனக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. மதுரைக்காரரை வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எழுதியதை அவர் குரலில் வாசிப்பேன். எனக்கே எங்கே சிரிப்பு வருகிறதோ அந்த வரியை அடித்துவிடுவேன். ஒரு தடவை மனைவி கதவைத் தட்டி, "உள்ள யாருங்க இருக்கா?" என்று கேட்டாள். இப்படித்தான் தாய் போனாள், தாலாட்டு போனது, கனக்கிற மனங்கள் எல்லாம் போயின. ஆச்சரியக்குறி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆறு பழுப்பாக இருந்தது என்று மட்டும் எழுதக் கற்றேன். லாஞ்சு அக்கரை சேர்வதற்குள் முடிய வேண்டும் என்பதால் நீளமும் குறைந்தது. நீளமாக எழுதினால் கடைசிப் பத்தியை இறங்குகிற கூட்டம் மிதித்துவிடும். முக்கியமானதைக் கடைசிக்கு முன்பே சொல்ல வேண்டும் என்பதையும் அப்படித்தான் கற்றேன். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு சீக்கிரம் கற்றிருக்க முடியாது. அதற்காக அவரிடம் எனக்கு நன்றி இருந்ததா என்றால், இல்லை.

பூஜை முடிந்த வாரத்தில் ஒரு பதிவு எழுதினேன். பெஹாலாவில் பந்தல் பார்க்கப் போய், வரிசையில் நிற்கும்போது என் செருப்பு அறுந்ததும், கூட்டத்தில் குனிய முடியாமல் ஒற்றைச் செருப்போடு தேவியின் முன்னால் போய் நின்றதும். மொத்தம் ஏழு பத்தி. அடிக்க ஒரு வரிகூட இல்லை என்பதைக் குளியலறையில் மூன்று முறை சரிபார்த்தேன். மதுரைக்காரர் வாசித்தார். வாசிக்கத் தொடங்கியபோது முகத்தில் கொஞ்சம் தயக்கம் தெரிந்தது. பல் படும் இடம் எதுவும் அகப்படவில்லை. பிறகு கண்டுபிடித்துவிட்டார். செருப்பு அறுந்தது என்ற இரண்டு சொல்லை, எல்லையில் போர் மூண்ட செய்தி போல வாசித்தார். ஒரு நிமிடம் மௌன அஞ்சலிக்குத் தலை குனிந்தார். லாஞ்சின் பின்பக்கம் முழுக்கச் சிரித்தது.

இறங்கும்போது ஆடிட் மேடம் என்னோடு கொஞ்சம் பின்தங்கி நடந்தார். "நீங்க இப்ப நன்னா எழுதறேள். நிஜமாச் சொல்றேன். ஆனா சிரிக்கலேன்னா அவருக்கு முகம் விழுந்துடும், பாவம்," என்றார்.

அன்று அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தேன். சிரிப்பு என் வரிகளில் இருந்தவரை என்னால் அதை அடிக்க முடிந்தது. இப்போது வரிகளில் அது இல்லை. அவர் குரலில் இருக்கிறது. என்ன எழுதினாலும் அந்தக் குரல் அதைத் தின்றுவிடும். அந்தக் குரலால் வாசிக்க முடியாத ஒன்றை எழுத வேண்டும். அப்படி ஒன்று என்னவாக இருக்க முடியும் என்று அப்போது தெரியவில்லை.

ஜனவரி கடைசி ஞாயிறு தெரிந்தது.

பவானிபூரில் நம் ஊர்ச் சாமான்கள் விற்கும் மளிகைக் கடை ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை மெட்ரோவில் போய் இட்லி அரிசி, காப்பிப்பொடி, அப்பளம் வாங்கிவருவேன். அன்று நான் உள்பக்கம் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். கீழ்த்தட்டில் இருந்த அப்பளக் கட்டுகளில் காலாவதித் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் அந்தக் குரல் கேட்டது. அதே குரல், அதே ஏற்ற இறக்கம். "இட்லி அரிசி, ஐந்து கிலோ. காப்பிப்பொடி, சிக்கரி கலவாதது." கடைக்காரர் சிரித்தார், அவருக்கும் பழக்கம் போலிருக்கிறது. மூட்டைகளுக்கு நடுவே பார்த்தேன். பழுப்புக் குரங்குக் குல்லாய் போட்ட மதுரைக்காரர். அருகில் ஒரு பெண். பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் என்று அவர் முன்பு சொல்லியிருந்ததால் ஊகித்தேன். அவர் அரிசிப் பையில் இருந்த தமிழ் எழுத்தைக் காட்டி அவளை வாசிக்கச் சொன்னார். அவள் வாசிக்கவில்லை. அவரே எழுத்துக்கூட்டி, செய்திக் குரலில், கடை முழுக்கக் கேட்க வாசித்தார். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவளுடைய வயதுப் பையன் ஒருவனும் அவன் அம்மாவும்.

அந்தப் பெண் வங்க மொழியில் சொன்னாள். "அப்பா, ஆஸ்தே. தோமார் கொலாட்டா ஷுன்லே ஆமார் லொஜ்ஜா கொரே." மெதுவாகப் பேசு, உன் குரலைக் கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கோபமாகச் சொல்லவில்லை. பல நாள் யோசித்து வைத்ததைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

மதுரைக்காரர் அரிசிப் பையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. பெருங்காயம் வேண்டும் என்பதை விரலால் காட்டினார். கடைக்காரர் வேறு டப்பாவை எடுத்தபோது தலையாட்டி, பக்கத்து டப்பாவைக் காட்டினார். அவர்கள் வெளியே போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. பிறகு வாசலுக்கு வந்து பார்த்தேன். மகள் நடைபாதையில் மெட்ரோ பக்கம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவர் பின்னால் போனார்.

என் சாமான்களை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் வந்தேன். வீடு சேர்வதற்குள் முதல் வரி கிடைத்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க எழுதினேன். அதுவரை இவ்வளவு தெளிவாக எதையும் எழுதியதில்லை. சொல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை. தன்னம்பிக்கை என்று அந்த இணையக் கட்டுரைகள் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். கட்டுரைகள் சொன்ன மற்றதையும் செய்தேன்: தேவையில்லாத சொல்லை எடுத்தேன், பார்த்ததை மட்டும் சொன்னேன், கருத்துச் சொல்லவில்லை. பெயர் போடவில்லை. ஊர் போடவில்லை. குல்லாயின் நிறத்தைப் போட்டேன். குரலைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அது நன்றாக வந்தது. ஆறு மாதமாக அந்தக் குரலைக் குளியலறையில் நான் பழகியிருந்தேன் அல்லவா.

ஞாயிறு மதியம் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். என் குரலிலேயே.

"இது அவரில்லா," என்றாள்.

"பேர் போடல."

"பேர் போடலன்னா அவருக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியணும்னுதான்."

அவள் கூடையை எடுத்துக்கொண்டாள். பிறகு துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். மாலை ஆறு மணிக்கு ஏற்றினேன். குழுவில் இணைப்பை மட்டும் போட்டேன். மேலான கருத்துகளைக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

இனித் திங்கட்கிழமை. மூடுபனியால் லாஞ்சு கொஞ்சம் தாமதம். மதுரைக்காரர் மண்குவளைத் தேநீரைக் குடித்துவிட்டு, குவளையைக் கூடையில் போட்டார். அதே பழுப்புக் குல்லாய். கயிறு அவிழ்ந்தது. கைபேசியை எடுத்தார்.

"எழுத்தாளர் இந்த வாரம் மளிகைக் கடைக்குப் போயிருக்காரு. ஆகாசவாணி விலை நிலவரம் கேட்டுக்கங்க," என்று ஆரம்பித்தார். முதல் பத்தி கடையைப் பற்றியது. இட்லி அரிசி மூட்டைகள், அப்பளத் தட்டு. அவர் குரல் அதில் நன்றாக ஓடியது. சிரித்தார்கள். இரண்டாம் பத்தியில் குரங்குக் குல்லாய் போட்டவர் உள்ளே வந்தார். "அட, நம்ம மாதிரி ஒரு ஆளு," என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். அவருடைய குரலைப் பற்றி நான் எழுதியதை அதே குரலில் வாசித்தார். கோயம்புத்தூர்க்காரர் சிரிப்பை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. ஆடிட் மேடம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை; வாசிப்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசிப் பையின் எழுத்தை அந்த மனிதர் மகளுக்கு வாசித்துக் காட்டும் இடம் வந்தது. அங்கே அவர் குரல் ஒரு படி இறங்கியது. அவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். சிக்னல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரியாது. கயிறு மாட்டும்வரை வாசிப்பது என்று பழகிவிட்ட வாய் அது. அடுத்த வரி மகள் சொன்னது. வங்க மொழியில் அவள் சொன்னபடியே, தமிழ் எழுத்தில் போட்டிருந்தேன். அவர் வாசித்தார். "தோமார் கொலாட்டா ஷுன்லே ஆமார் லொஜ்ஜா கொரே."

அந்தப் பதிவில் லாஞ்சில் இருந்த எல்லோருக்கும் புரிந்த ஒரே வரி அது. இதை நான் எழுதும்போது யோசித்திருக்கவில்லை. இத்தனை மாதம் புரியாமலே நின்ற வாடிக்கைக்காரர்களுக்கு, அன்று முதல்முறையாக ஒரு வரி புரிந்தது. அவர்கள் சிரித்தார்கள். வேடிக்கையின் பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். செய்தித்தாள் வைத்திருந்தவர், "பாஹ், தாதா," பலே அண்ணா, என்று பாராட்டினார். எங்கள் நால்வரில் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு மதுரைக்காரர் தன் சொந்தக் குரலில் வாசித்தார். அப்படி ஒன்று அவருக்கு இருப்பது எங்களுக்குத் தெரியாது. மெல்லிய குரல், கொஞ்சம் கரகரப்பு, சொல்லின் கடைசி எழுத்து காற்றில் போய்விடும். பெருங்காய டப்பாவை விரலால் காட்டியதை வாசித்தார். தலையாட்டியதை வாசித்தார். நான் ஒவ்வொரு வரியையும் கேட்டேன். எல்லாம் சரியாக நின்றன. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. என் எழுத்தை அவ்வளவு நன்றாக யாரும் வாசித்ததில்லை. அதை நினைத்து அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசி வரிகள் இவை: "இரண்டு பைகளையும் அவரே தூக்கிக்கொண்டார். மகள் வெறுங்கையோடு முன்னால் நடந்தாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை."

பாபுகாட் படித்துறையில் லாஞ்சு இடித்து நின்றது. கயிறு மாட்டினார்கள். கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. மதுரைக்காரர் கைபேசியைச் சட்டைப்பையில் வைத்தார். குல்லாயைக் கழற்றினார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லாருக்குண்ணே," என்றார். கேலி இல்லை. நடைப்பாலத்தில் கால் வைத்த பிறகு திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பையும் என் கையில இல்ல. காப்பிப்பொடிப் பைய அவதான் தூக்கிட்டு வந்தா. நான் கேக்கல. அவளா வாங்கிக்கிட்டா."

சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். அவர்தான் அது என்று அதுவரை உறுதியாகத் தெரியாமல் இருந்தவர்களுக்கும் அவர் வாயாலேயே தெரிந்தது.

ஆடிட் மேடம், "திருப்தியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பேருந்துப் பக்கம் நடந்தார். கோயம்புத்தூர்க்காரர் மட்டும் என்னோடு கொஞ்ச தூரம் வந்தார். "எழுத்துன்னா இதுதானுங்க," என்றார். அவருடைய மௌனத்தைப் பல மாதம் நான் நல்லெண்ணம் என்று நினைத்திருந்தேன். அன்று மதியமே அவர் அந்தப் பதிவை நகரத் தமிழ்க் குடும்பங்களின் பெரிய குழுவில் போட்டார். அதில் இருநூறு பேருக்குமேல் இருப்போம். மதுரைக்காரரின் மனைவியும் இருக்கிறார். எடுத்துவிடுங்கள் என்று கோயம்புத்தூர்க்காரரிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. படித்தவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. கோப்புகளுக்கு நடுவே பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். முன்பின் தெரியாதவர்கள் கருத்துப் போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து ஒருவர், கண் கலங்கிவிட்டது என்று எழுதியிருந்தார். தன் மகனும் இப்படித்தான் என்று பெங்களூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். சால்ட் லேக்கில் வேலை பார்க்கும் ஒரு பையன், இந்த அப்பாவை எனக்குத் தெரியும் போல இருக்கிறது என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் போட்டிருந்தான். மூன்று மணி வாக்கில் எனக்கு அந்தப் பை நினைவுக்கு வந்தது.

அவர் சொன்னது சரி. நான் பார்த்தேன். காப்பிப்பொடிப் பை மகளின் இடது கையில் இருந்தது. கையை வீசி நடந்ததால் அது முட்டியில் இடித்துக்கொண்டே போனது. முதலில் எழுதியதில் அப்படித்தான் இருந்தது. திருத்தும்போது அந்த வரி பத்தியைத் தளர்த்தியது. அந்தப் பெண்ணின் மேல் இரக்கம் வந்துவிடும் போலிருந்தது. பையை எடுத்து அவர் கையில் வைத்தேன். அந்த வரி உடனே இறுகியது. இருபத்திரண்டு வருட நாட்குறிப்பில் பார்க்காத ஒன்றை நான் எழுதியதில்லை. மழை பெய்யாத நாளில் மழை என்று எழுதியதில்லை. வலைப்பூவில் ஆறு மாதத்தில் அதைக் கற்றிருந்தேன்.

மாலை லாஞ்சில் மதுரைக்காரர் வரவில்லை. ஆடிட் மேடம் பெண்கள் நிற்கும் பக்கம் போய் நின்றார். செய்தித்தாள் வாடிக்கைக்காரர் என்னைப் பார்த்து, "ஆஜ் தாதா நேய்?" என்று கேட்டார். அண்ணன் இன்று இல்லை என்று தலையாட்டினேன். அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். பின்பக்கம் அமைதியாக இருந்தது. ஜூலையிலிருந்து நான் ஆசைப்பட்டது அந்த அமைதிக்குத்தான். இன்ஜின் சத்தம் இவ்வளவு பெரியது என்று அன்றுதான் கவனித்தேன்.

மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "சிரிச்சாங்களா?"

"நம்ம ஆளுங்க யாரும் சிரிக்கல."

"பொறவு என்ன. ஜெயிச்சாச்சு." சட்டினிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "அவரு வீட்டம்மா போன் பண்ணாங்க. ஒண்ணும் சொல்லல. நல்லாருக்கீங்களான்னு கேட்டாங்க. நானும் நல்லாருக்கோம்னேன். அவ்வளவுதான், வச்சுட்டாங்க."

பெரிய குழுவில் அதற்குள் யாரோ அந்தப் பதிவை வாசித்து ஒலிப்பதிவாகப் போட்டிருந்தார்கள். செய்தி வாசிப்பவர் குரலை வைத்து முயன்றிருந்தார்கள், சரியாக வரவில்லை. நாட்குறிப்பில், பதிவு சிரிப்பின்றி அக்கரை சேர்ந்தது என்று எழுதினேன். வலைப்பூவை மூட வேண்டியதில்லை. அதையும் எழுதினேன். வேறு எதுவும் எழுதாமல் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஐந்தே காலுக்கு எழுந்ததும், மோட்டார் போடுவதற்கு முன்பு, படுக்கையில் உட்கார்ந்தபடி கைபேசியில் பதிவைத் திருத்தத் திறந்தேன். காப்பிப்பொடிப் பையை எடுத்து மகளின் கையில் வைத்தேன். வெறுங்கை என்ற சொல்லை அடித்தேன். அதை அடித்ததும், அவள் திரும்பவில்லை என்ற கடைசி வரிக்குக் கால் இல்லாமல் போனது. மெதுவாக வாசித்துப் பார்த்தேன். பத்தி முன்பு போல நிற்கவில்லை. மற்ற எதையும் தொடாமல் புதுப்பி என்ற இடத்தை அழுத்திவிட்டு, மோட்டாரைப் போடப் போனேன்.